இரண்டு குடைக்கு ஒரு பை

கறுப்பா பச்சையா என்று கேட்டுவிட்டு, குடை மடிக்க வந்த லெனின்ராஜ் டீ குடிக்கப் போனான். போகிறவன் சும்மா போனானா, வாசலில் ஒரு காலை வெளியே வைத்துக்கொண்டு திரும்பி, "நான் வர்றதுக்குள்ள சொல்லிப்போடோணும் உமையா, பொழுதோட எனக்கு பஸ்ஸு, ரிசர்வை எந்தப் பைக்குள்ள வெக்கோணும்னு நீ சொல்லு, நான் வெச்சு சீல் அடிச்சுப்போட்டுப் போயிர்றேன், அப்பறம் அது ஒத்துக்கல இது ஒத்துக்கலன்னு போன் அடிச்சீன்னா எடுக்க மாட்டேன் பாத்துக்கோ" என்று முடித்து, மூக்கை ஒருதரம் உறிஞ்சிக்கொண்டு போனான். அவன் செருப்புச் சத்தம் தேய்வதற்குள் உமையாள் அதே பேச்சை, அதே மூக்கடைப்போடு, 'பாத்துக்கோ'வில் அந்தக் கோயம்புத்தூர் இழுப்போடு சொல்லிப் பார்த்துவிட்டாள், கடைசி உறிஞ்சல் உட்பட. நன்றாகவே வந்தது, ஆனால் கேட்க ஆளில்லை. தகரக் கொட்டகையில் அவளும் நீள மேஜையும் மேஜைமேல் இரண்டு பைகளும்தான். வெளியே செவ்வூரணி ஓடுதளத்தின்மேல் மேகம் ஈரத் துணி போலத் தொங்கியது, மேகம் விலகாமல் விமானம் ஏறாது, குதிக்க வந்தவர்கள் எல்லாம் வேப்பமரத்தடியில் சீட்டாடிக்கொண்டிருந்தார்கள். கறுப்பா பச்சையா. இதிலென்ன யோசனை, புடவையா எடுக்கிறோம், என்று தன் ஆத்தாவின் குரலில் கேட்டுக்கொண்டாள். யோசனைதான். விமானத்திலிருந்து குதிக்கிற ஆள் முதுகில் கட்டுவது ஒரே பை, அதற்குள் இரண்டு அறை. கீழறையில் மெயின், தினம் திறக்கிற பாராசூட் குடை. மேலறையில் ரிசர்வ், மெயின் காலை வாரிவிட்டால் மட்டும் திறக்கிற குடை. அந்தப் பைக்குப் பேர் கன்டெய்னர். அப்பச்சியிடம் முதன்முதலில் சொன்னபோது காரைக்குடி இரும்புக்கடையில் கல்லாவைப் பூட்டிக்கொண்டே, "ஏன் ஆத்தா, கன்டெய்னருன்னா தூத்துக்குடி துறைமுகத்துல வந்து எறங்குமா, நம்ம லாரி போகணுமா?" என்று கேட்டார், அவர் கிண்டல் பண்ணவில்லை, உண்மையிலேயே லாரிக்கு ஆள் சொல்லத் தயாராகத்தான் இருந்தார், அந்த மனுசனை என்ன சொல்ல, மகள் வானத்திலிருந்து விழப்போகிறேன் என்றதற்கும் அவர் கேட்ட முதல் கேள்வி மத்தியானச் சாப்பாடு அங்கேயே உண்டா என்பதுதான்.

கறுப்பு சின்னது. கனடாவுக்குப் போன ஒருவர் கிளப்பில் விட்டுவிட்டுப் போனது, ஓரமெல்லாம் மஞ்சள் கோடு, வண்டு மாதிரி ஒடுங்கி, முதுகோடு ஒட்டிக்கொள்கிற அழகு. பச்சை ஒரு அளவு பெரியது, வெயிலில் வெளுத்த கிளிப்பச்சை, கட்டிக்கொண்டு திரும்பினால் சிமென்ட் மூட்டை இறக்கப் போகிறவளைப் போல இருக்கும் என்று அவளே கண்ணாடியில் பார்த்துச் சொல்லியிருக்கிறாள். அவளுடைய மெயின் நூற்றித் தொண்ணூறு சதுர அடி, ஆள் உயரம், எலும்பும் கனம், அதற்கேற்ற ரிசர்வ். இரண்டும் பச்சைக்குள் சாவகாசமாகப் போய் உட்காரும், கறுப்புக்குள்ளும் போகும், ஆனால் இடித்துப் பிடித்து, தீபாவளிக்கு முதல்நாள் பஸ்ஸில் ஏறுவது மாதிரி. சின்ன வயதில் துணிக்கடையில் ஆத்தா சொல்வாள், வளர்ற புள்ள, ஒரு சைஸ் பெருசாவே குடுங்க, கீழ மடிச்சுத் தச்சுக்கலாம். இந்த ஊர் வழக்கம் நேர் தலைகீழ். இங்கே வளர்கிற பிள்ளைக்கு ஒரு சைஸ் சின்னதாக வாங்குகிறார்கள், ஏனென்றால் இங்கே வளர வளரக் குடை சுருங்கும், கை பழகப் பழக இன்னும் சின்ன குடை, இன்னும் வேகம், ஆகவே அடுத்த வருசத்துக் குடைக்கு இந்த வருசமே பை வாங்கிவிட்டு அதுவரை பெரிய குடையை அதற்குள் திணித்துக்கொண்டு திரிவார்கள். எல்லாரும் செய்கிறார்கள், எல்லாரும் உயிரோடும் இருக்கிறார்கள், அதோ சீட்டாடுகிறார்கள். அடுத்த வருசத்து உமையாள் எப்படி இருப்பாள்? பெர்னதெத் மாதிரி இருப்பாள். வேறு எப்படி.

அதுதான் விசயம், அதைச் சொல்லத்தான் மனசு இவ்வளவு நேரம் சுற்றிச் சுற்றி வந்தது. உமையாளுக்கு எந்தக் குரலும் வரும். விமான ஓட்டி கேப்டன் குரியன் வருவார், "லோடு ஒன்னு, எல்லாரும் வேகம் வா, வேகம் வா" என்று, இன்றைக்குக் காலையில்கூட வந்தார், வாக்கி டாக்கியில், கேட்டதும் அத்தனை பேரும் பையை மாட்டிக்கொண்டு விமானத்தைப் பார்த்து ஓட்டமும் நடையுமாகப் போக, அங்கே அசல் கேப்டன் லுங்கியோடு இறக்கைக்குக் கீழே நின்று பல் தேய்த்துக்கொண்டிருந்தார், வாய் நிறைய நுரையோடு மேகத்தைக் கையால் காட்டி, "நான் எங்கே விளிச்சு? நான் விளிச்சோ?" என்றார், அதுவும் இப்போது இவள் கையிருப்பில் சேர்ந்துவிட்டது, நுரை சகிதம். தண்டனை கொட்டகையைப் பெருக்குவது. பெருக்கியாயிற்று. எந்தக் குரலும் வரும், பெர்னதெத் மட்டும் வரமாட்டாள். வேம்பார்க்காரி, 'ஏட்டி' என்று கூப்பிடுவாள், அந்த ஏட்டியை இவள் அச்சு அசலாகச் சொல்வாள், எல்லாரும் சிரிப்பார்கள், ஆனால் அது கடற்கரைப் பேச்சு, அது பெர்னதெத் இல்லை. பெர்னதெத் விமானக் கதவில் நிற்கிற விதம் ஒன்று இருக்கிறது. மற்றவர்கள் எல்லாம் கதவுக்கு வந்ததும் ஏதோ ஒன்று செய்வார்கள், ஒருவன் உதட்டைக் கடிப்பான், ஒருவன் சிலுவை போடுவான், ஒருவன் வீரனைப் போலக் கத்துவான், அதையெல்லாம் உமையாள் பிடித்து வைத்திருக்கிறாள். பெர்னதெத் ஒன்றும் செய்ய மாட்டாள். பஸ்ஸிலிருந்து தன் ஊரில் இறங்குகிறவளைப் போல ஒரு கால், அவ்வளவுதான், ஆள் இல்லை, கதவு இருக்கும், வானம் இருக்கும். பிடிக்க ஒரு பிசிறு இருந்தால்தானே பிடிப்பது. அதைப் பார்க்கும்போதெல்லாம் இவளுக்கு நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று கையைத் தட்டும். அவள் முதுகில் ஒரு நீலப் பை, பள்ளிக்கூடப் பிள்ளையின் டிபன் பை அளவுதான், அதற்குள் இரண்டு குடை இருக்கிறது என்று சத்தியம் செய்தாலும் நம்ப முடியாது. மேலே போனால் அவள் விழுவதில்லை, வழுக்குவாள், தரைக்கு வந்தால் புல் நுனியைத் தொட்டபடி ஓடுதளத்தின் பாதி நீளம் பறந்து, கடைசியில் நடப்பாள், அப்போதும் முகத்தில் ஒன்றும் இருக்காது. குரல் வராது, நடை வராது, கதவில் நிற்பது வராது. முதுகாவது வரட்டுமே என்றுதான் உமையாள் கறுப்பைப் பார்த்தாள். கறுப்பைக் கட்டிக்கொண்டு கண்ணாடிக்கு முதுகைக் காட்டித் தலையைத் திருப்பிப் பார்த்தபோது, ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, அங்கே நின்றது பெர்னதெத்.

மூடிவிட்டதே, அதுதான் முக்கியம். லெனின்ராஜிடம் கெஞ்சிக் கூத்தாடி, சும்மா மூடி மட்டும் காட்டுங்கண்ணே என்று கேட்டு, அவனும் காலையிலிருந்து ரிசர்வை மடித்து, அடடா அந்த மடிப்பு, அவன் விரல்கள் அந்த வெள்ளைத் துணியில் ஓடுகிற ஓட்டத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம், பல்லைக் கடித்துத் திட்டிக்கொண்டே மடிப்பான், கை மட்டும் பூக்கட்டுகிறவளின் கை, மடித்து உள்பையில் அடக்கி, உள்பையைக் கறுப்பின் மேலறையில் வைத்து, ஸ்பிரிங் வைத்த சின்னக் குடையை அதன்மேல் அழுத்தி, முழங்காலைப் போட்டு, கம்பியைக் கொடுத்து முறுக்கி, வேர்வை மூக்கு நுனியில் நிற்க, வளையத்துக்குள் ஊசியைத் தள்ளி, "மூடிருச்சு" என்றான். பிறகு ஏதோ சொன்னான். "மூடறதெல்லாம் மூடும் புள்ள. கம்பெனிக்காரன் அட்டவணையில இந்த ரிசர்வுக்கு நேரா இறுக்கம்னு போட்டிருக்கான். ஆகாதுன்னு போடல. இறுக்கம்னா எத்தன இறுக்கம்னு ஆருக்குத் தெரியும்." உமையாளுக்கு மூடிருச்சு மட்டும்தான் காதில் விழுந்தது. இப்போது, அவன் போனபிறகு, மற்றதும் விழுகிறது, கொஞ்சம் கொஞ்சமாக, ஒழுகுகிற குழாய் மாதிரி. மூடறதெல்லாம் மூடும். பெட்டியின்மேல் உட்கார்ந்து ஜிப் போடுகிற கல்யாண வீட்டுக்காரர்கள் எல்லாருக்கும்தான் மூடுகிறது. கறுப்பைத் தட்டிப் பார்த்தாள், மரப்பலகை மாதிரி ஒலித்தது. என்ன கட்டு, என்ன உறுதி. பச்சையின் காலி மேலறைக்குள் கையை விட்டாள், வாய் தளர்ந்து கிடந்தது. இந்த மேலறைக் குடையை அவள் ஒருமுறைகூடத் திறந்ததில்லை, திறக்கவும் வேண்டாம், அப்புறம் அதைப் பற்றி என்ன கவலை, ஆனால் அன்றைக்கு ஒருநாள் மெயின் திறந்ததும் அதன் கயிறுகள் முறுக்கிக்கொண்டு, ஊஞ்சலை முறுக்கிவிட்ட மாதிரி இவள் சுற்றினாள், காலை உதைத்து உதைத்து அவிழ்த்தாள், அவிழ்கிற வரையில் இடது நெஞ்சோரத்து இரும்புப் பிடியின்மேல் கண் போய்ப் போய் வந்தது, அதை இழுத்தால் ரிசர்வ், இழுக்கவில்லை, இழுக்கத் தேவைப்படவில்லை, அந்த நேரம் பூராவும் தலைக்குள் கேப்டன் குரியன், "வேகம் வா, வேகம் வா" என்று சொல்லிக்கொண்டே இருந்தார், இவளே அவரை வைத்துச் சொன்னாள், சிரிப்புகூட வந்தது. தேவைப்பட்டிருந்தால். இழுத்திருந்தால். அதே மாதிரிப் பிடி இப்போது கறுப்பில், கைக்கெட்டும் தூரத்தில் மேஜைமேல் கிடக்கிறது. இழுத்தால் என்ன. லெனின்ராஜ் கொன்றுவிடுவான். சீல் இன்னும் அடிக்கவில்லை, வெறும் ஒத்திகைதானே. அவன் திட்டுவது புதுசாக ஏதாவது இருந்தால் அதுவும் கையிருப்புக்குத்தான். இழுத்தாள்.

டப் என்று ஸ்பிரிங் குடை துள்ளிக் கூரைத் தகரம் வரைக்கும் போய், ஒரு வெள்ளைக் காளானைப் போல விரிந்து, மேஜைக்கு அந்தப்பக்கம் விழுந்தது. அருமை. அதைப் பார்த்ததும் அவள் கைதட்டினாள். மேலே காற்று இதைப் பிடித்து இழுக்கும், இதோடு கட்டிய அகல நாடா இழுபடும், நாடா உள்பையைத் தூக்கும், உள்பையிலிருந்து குடை, எவன் யோசித்தானோ அவன் காலைத் தொட்டுக் கும்பிடலாம். காற்று இல்லாத கொட்டகையில் காற்றாக இருப்போம் என்று உமையாள் நாடாவைக் கையில் சுற்றிக்கொண்டு மெல்ல மேலே தூக்கினாள். நாடா விறைத்தது. உள்பை அசையவில்லை. இன்னும் தூக்கினாள், கறுப்புப் பை தலையைத் தூக்கியது, பிறகு தோள்வார், இடுப்புவார், கால்வார் எல்லாவற்றோடும் முழுசாக மேஜையை விட்டு எழும்பி அவள் கையில் தொங்கி மெல்ல ஆடியது. உள்பை வெளியே வரவில்லை, நான்கு மூலையும் கவ்விப் பிடித்திருந்தது. குலுக்கினாள், வரவில்லை. இன்னொருதரம் குலுக்கினாள், ஒரு மூலை கழன்றது, மற்ற மூன்றும் அப்படியே. கை வலித்தது, ஆனால் இறக்கி வைக்கத் தோன்றவில்லை, தொங்குவதையே பார்த்துக்கொண்டு நின்றாள், ஏனென்றால் அந்த வார்களுக்குள் ஒரு ஆள் இருக்கவேண்டும், இந்த உயரம், இந்த எலும்பு, கீழே செம்மண், ஊரணி, வேப்பமரம், சீட்டாடுகிறவர்கள் அண்ணாந்து பார்க்கிறார்கள், முதுகுக்குமேல் சின்னக் குடை விரிந்து நாடா விறைத்து, காற்று என் கையைவிடப் பெரிய கை, அது பிடுங்கிவிடும், பிடுங்கும், பிடுங்காதா, எவ்வளவு நேரத்தில். கேப்டனைக் கூப்பிட்டாள், கேப்டன் வரவில்லை. அப்பச்சியை, லெனின்ராஜை, ஆத்தாவை. எந்தக் குரலும் வரவில்லை. நினைவு தெரிந்த நாளாய்த் தலைக்குள் ஒரு சந்தைக்கடை இரைந்துகொண்டே இருந்திருக்கிறது, அது நின்றுபோனதை இப்போதுதான் கேட்டாள். பையின் வார்கள் ஒன்றோடொன்று உரசும் சத்தம் மட்டும்.

"என்னட்டி, தூண்டில் போட்டாப்பல நிக்க?" என்று வாசலில் பெர்னதெத். கையில் கடலைப்பொட்டலம், தோளில் நீலப் பை. "உள்பை வெளிய வரலக்கா" என்றாள் உமையாள். பெர்னதெத் வந்து, பொட்டலத்தை மேஜையில் வைத்து, தொங்கும் பையைக் கீழிருந்து ஒருதரம் பார்த்து, தன் கையாலும் நாடாவைப் பிடித்து வெட்டி இழுத்தாள். இன்னொரு மூலை கழன்றது. "எம்மா" என்றாள், அவ்வளவுதான், ஆனால் அவள் முகத்தில் ஏதோ ஒன்று நடந்தது, கதவில் நடக்காதது, கன்னம் இரண்டும் உள்ளே போயின. உமையாள் அதைப் பார்த்தாள். பிடித்து வைக்கத் தோன்றவில்லை. "உங்க பை இதைவிடச் சின்னதாச்சேக்கா" என்றாள், அழுகைக்குப் பக்கத்தில் இருந்தது குரல். "சின்னதுதான். உள்ள இருக்கதும் சின்னதுல்லா. நான் எம்புட்டு கனம் இருப்பேன்ங்க? எங்க அம்ம இன்னும் என்னைய நெத்திலின்னுதான் கூப்பிடுதா. என் ரிசர்வ உனக்குக் கெட்டிவிட்டா நீ போயி மண்ணுல குத்தி நிப்ப." அவளே சிரித்தாள், பிறகு சிரிப்பு அடங்கி, "நான் இத வாங்கும்போது மேல் குடையத்தான் மொதல்ல எடுத்தேன் ட்டி. பைய அதுக்கு அளவெடுத்துத் தச்சாவ. நீ என்ன, பைய எடுத்துட்டுக் குடைய அமுக்குத?" என்றாள். இதில் என்ன பெரிய சங்கதி, கால் அளவு பார்த்துச் செருப்பு வாங்குகிற சங்கதி, ஆனாலும் உமையாள் அந்த நீலப் பையை முதல்தடவையாக அதன் அழகுக்காக இல்லாமல் பார்த்தாள். அது சின்னதாக இல்லை. பெர்னதெத் அளவில் இருந்தது. எங்கேயும் பிதுங்காமல், எங்கேயும் தளராமல். அப்போது அதன்மேல் இருந்த ஆசை குறைந்ததா என்றால் இல்லை, இன்னும் கூடிற்று, ஆனால் வேறு மாதிரி கூடிற்று, பக்கத்துவீட்டுப் பிள்ளை நன்றாகப் பாடுகிறாள் என்று தெருவில் நின்று கேட்கிற மாதிரி. "நான் கறுப்புன்னு சொல்லத்தான் இருந்தேன்க்கா." "சொல்லேன், யாரு வேண்டாம்னா. கையில பிடிச்சிருக்கியே, அதப் பாத்துட்டுச் சொல்லு." கடலையை எடுத்துக்கொண்டு மேகம் பார்க்கப் போய்விட்டாள், ஒரு கால், அவ்வளவுதான், வாசல் இருந்தது.

லெனின்ராஜ் வந்து பார்த்தபோது பை இன்னும் இவள் கையில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. "ஏம்புள்ள, கிறுக்கா உனக்கு, காலையில இருந்து மடிச்சத..." என்று ஆரம்பித்தவன் ஆடுகிற வார்களைப் பார்த்ததும் பாதியில் விட்டுவிட்டான். கிட்டே வந்து இரண்டு பக்கத்திலும் விரலை விட்டுப் பார்த்தான், விரல் போகவில்லை. உட்கார்ந்தான். "நானே இழுத்துப் பாத்திருக்கோணும்" என்றான், மூக்கை உறிஞ்சவில்லை. "இறுக்கம்னு போட்டிருந்தான்ல. மூடவும் மூடுச்சு. நான் மூடுறதையே பாத்துட்டேன்." உமையாளும் அதைத்தானே பார்த்தாள். "பச்சைல வச்சுப் பாருங்கண்ணே" என்றாள். பாதி குலைந்ததை அவன் பிரித்து, மறுபடி மடித்து, திட்டாமல் மடித்தான், அது இன்னும் அழகாக இருந்தது, உள்பையில் அடக்கிப் பச்சையின் மேலறையில் வைத்து மூடினான். முழங்கால் போட்டான், ஆனால் பல்லைக் கடிக்கவில்லை. உமையாள் பிடியை இழுத்தாள், டப், கூரை, காளான். நாடாவைத் தூக்கினாள். பாதி தூக்குவதற்குள் உள்பை வழுக்கி வெளியே வந்து, சின்னதாய் ஒரு ஆட்டம் ஆடி, அவள் கையை விட்டதும் தொப்பென்று மேஜையில் விழுந்தது. அந்தத் 'தொப்' மாதிரி ஒரு சத்தத்தை அவள் கேட்டதே இல்லை. பச்சைப் பை மேஜைமேல் அசையாமல், வாயைத் திறந்தபடி, எனக்கென்ன என்று கிடந்தது. என்ன லட்சணம், என்ன குணம், சிமென்ட் மூட்டையாம், எவ சொன்னது. "பச்சை" என்றாள். "அதான் தெரியுதே, சீல் அடிக்கட்டா?" என்றான். "இன்னொருக்க இழுத்துப் பாக்குறேன்." "ஆத்தா மகமாயி, ஒருக்க மடிக்க எனக்கு எத்தன நேரமாகுதுன்னு தெரியுமா உனக்கு?" "ஒரே ஒருக்கண்ணே. பைய முதுகுல மாட்டிக்கிட்டுக் குப்புறப் படுத்துக்குறேன், நாடாவ நீங்க தூக்குங்க. அப்பறம் சீல் அடிங்க. பஸ்ஸுக்கு நானே வண்டில கொண்டாந்து விடுறேன்."

அப்போதுதான் கொட்டகைக்குள் வெளிச்சம் வந்தது, யாரோ துணியை உருவினாற்போல. வெளியே சீட்டுக்கட்டை வீசிவிட்டு எழும் சத்தம், வாக்கி டாக்கியில், "லோடு ஒன்னு, வா, வா", வேப்பமரத்தடியில் எழுந்தவர் ஒருவரும் நகராமல் எல்லாத் தலையும் கொட்டகையை நோக்கித் திரும்பின, உமையாள் வாசலுக்கு ஓடி இரண்டு கையையும் விரித்துக் காட்டினாள், நானில்லை, சத்தியமாய் நானில்லை, அசல்தான், போங்க. சிரித்துக்கொண்டே ஓடினார்கள். பெர்னதெத் ஓடவில்லை, நடந்தாள், போகிற போக்கில், "வரலியாட்டி?" என்றாள், "வரலக்கா, மடிக்கணும்" என்றாள் இவள், மேகம் மறுபடி மூடினால் இன்றைக்கு விமானம் ஏறுவது இந்த ஒரு லோடுதான் என்று இருவருக்கும் தெரியும். பெர்னதெத் சரி என்று தலையசைத்துவிட்டு நீலப் பையோடு போனாள். உள்ளே லெனின்ராஜ் வெள்ளைக் குடையை மேஜை நீளத்துக்கு விரித்து, மடிப்புகளை அடுக்கி, ஓரம் ஓரமாய் நீவிக்கொண்டிருந்தான். "காத்து போகோணும். ஏறிப் படு. கனமா இருக்கீல்ல, இதுக்காச்சும் ஒதவட்டும்" என்றான். உமையாள் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி, துணியின்மேல் முழு நீளத்துக்குக் குப்புறப் படுத்தாள். குளிர்ச்சியாக இருந்தது. அவள் கனம் இறங்க இறங்க அடியிலிருந்த காற்று மடிப்பு மடிப்பாக நகர்ந்து, நெஞ்சோரமாய், கக்கத்தோரமாய், கழுத்துக்கடியில் உஸ்ஸென்று வெளியேறியது, துணி இவள் உடம்பின் அளவுக்குத் தணிந்தது. ஓடுதளத்தில் விமானம் உறுமி, ஓடி, எழும்பியது, தகரம் அதிர்ந்து நின்றது. அவள் தலையைத் தூக்கவில்லை. "இன்னும் இருக்குண்ணே, இடதுபக்கம்" என்றாள். "அப்ப நல்லா அழுந்திப் படு" என்றான். படுத்தாள்.